பெயர்நாளுக்குக் கொடுத்த பேட்டரி

பேட்டரி வாங்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு நேரம் நிக்கும்?" இத்தனை வருஷக் கடையில் ஒருவர்கூட "இது எப்படிக் கெட்டுப்போகும்?" என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான், மேடம். நல்ல பேட்டரி வயதானவர்களைப் போல மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும், நமக்கும் தெரிந்துவிடும். மட்டமானது கடைசி நாள்வரை பளபளவென்று இருந்துவிட்டு ஒரு நாள் காலை வாரிவிடும். கடை மேஜையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வாக்குமூலத்தை என் போக்கில் சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன். உங்கள் உதவியாளர் அறிக்கையில் "பொம்மைத் துப்பாக்கி பேட்டரி" என்று எழுதியிருக்கிறார். பொம்மைதான், மறுக்கவில்லை. குண்டுமணி அளவில் பிளாஸ்டிக் மணிகளைச் சுடுகிற துப்பாக்கி. உள்ளே ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு பேட்டரி. ஆனால் இந்த ஸ்தாரா ஸாகோரா ஊரில் வாரம் முழுக்க வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சிர்ப்பான் சாலைப் பக்கம் பாழடைந்த கோழிப்பண்ணையில் கூடுகிற நாற்பது பேருக்கு அது பொம்மை இல்லை. பாதி ஆட்டத்தில் பேட்டரி படுத்துவிட்டால் கையில் வெறும் தடிதான். அதனால் அத்தனை பேரும் இந்த லியூபென் கடையில்தான் வாங்குவார்கள். லியூபென் தொட்டுப் பார்த்துக் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று ஒரு பேச்சு.

தொட்டுத்தான் பார்ப்பேன். ஒயர் கனமாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற செல்கள் எல்லாம் ஒரே அளவு வோல்ட் காட்ட வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் அந்தப் பேக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கட்டைவிரலால் அழுத்தும்போது பலகைபோல இருக்க வேண்டும், தலையணைபோல மெத்தென்று இருந்தால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் முகர்ந்து பார்ப்பேன். கசிகிற பேட்டரி, அழுக ஆரம்பித்த பழம்போல இனிப்பாக மணக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். மட்டச் சரக்கை நான் யார் தலையிலும் கட்டியதில்லை, ஒரு தடவையைத் தவிர.

இந்த ஆட்டத்தில் சாயம் கிடையாது, மேடம். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மணி உடம்பில் பட்டால் எந்த அடையாளமும் இருக்காது. பட்டவன் தானே கையைத் தூக்கி "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தலையில் சிவப்புத் துணியைப் போட்டுக்கொண்டு, கல்லறை என்று நாங்கள் சொல்கிற ஒதுக்குப்புறத்தில் போய் உட்கார வேண்டும். சொல்லாமல் ஓடினால் யாரும் நிரூபிக்க முடியாது. மொத்த ஆட்டமும் வாய்வார்த்தையில் நிற்கிறது.

எங்களில் யாவோர் அந்த வார்த்தைக்குப் பேர்போனவன். மணி அவன் பக்கத்துச் செடியில் பட்டு இலை உதிர்ந்தால்கூடக் கையைத் தூக்கிவிடுவான். "பட்டுச்சு பட்டுச்சு, என் சட்டைய ஒரசிட்டுப் போச்சு" என்று தானே போய் உட்கார்ந்துகொள்வான். கல்லறையில் அவனுக்கென்று ஒரு பழைய தீவனப் பெட்டியே உண்டு. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதற்காக ஒருவன் இத்தனை மெனக்கெடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நேர்மையை ஒரு பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தான். அடுத்தவனைச் சின்னவனாக்குகிற நேர்மை அது.

என் தங்கை ரலிட்சாவை ஆட்டத்துக்குக் கூட்டிவந்தவன் அவன்தான். அம்மா போனபிறகு அவளை வளர்த்தது நான். டிராலிபஸ் ஓட்டத் தேர்வு எழுதி, முதல் தடவையிலேயே தேறி, இரண்டாம் நம்பர் தடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நம் ஊரில் அந்தத் தடத்தில் பெண் ஓட்டுநர்கள் நிறைய இருக்கலாம், ஆனால் அவளைப்போல மேலே ஓடுகிற மின்கம்பி நழுவாமல் வளைவு திருப்புகிறவர்கள் குறைவு. யாவோர் தினமும் அவள் வண்டியில் ஏறுவான். "ஏய் டிராலி, ஞாயித்துக்கிழமையாவது கம்பியில்லாம ஓடிப் பாரேன்" என்று கிண்டலடித்துக் கிண்டலடித்துத்தான் அவளைப் பண்ணைக்கு இழுத்துவந்தான். ஆக, அவள் கண் போனதற்குக் காரணம் அவன். இதை நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் மே மாதம். காலையில் மழை தூறியிருந்தது. ரலிட்சா தீவனக் கட்டடத்து மாடியில் ஒரு சன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஆட்டம் முடிந்து விசில் கேட்கும்வரை அதைக் கழற்றக் கூடாது, அது முதல் விதி. அவள் கழற்றவில்லை, ஒரு விரலை உள்ளே விட்டுத் துடைக்கத்தான் பார்த்தாள். அந்த நேரத்தில் கீழேயிருந்து சுட்டார்கள். கட்டடத்துக்குள் ஒவ்வொரு மணியாகத்தான் சுட வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒற்றை மணி வந்திருந்தால் சுவரில் பட்டுத் தெறித்திருக்கும், அவள் குனிந்திருப்பாள். வந்தது சரம். முதல் மணிகள் சன்னல் சட்டத்தில் பட்டன. பின்னால் வந்தது இடது கண்ணில்.

அவ்வளவு வேகமாகச் சரம் விட, சாதாரண இரண்டு செல் பேட்டரியால் முடியாது. மூன்று செல் வேண்டும். அதுவரை ஊரில் மூன்று செல் பேக்கை என்னிடம் காசு கொடுத்து வாங்கியவன் யாவோர் ஒருவன்தான்.

ஆம்புலன்ஸ் போனபிறகு நடுவர் எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்தார். "அந்தச் சன்னலப் பாத்து யாருப்பா சுட்டது? தெரியாமத்தான் நடந்திருக்கும், யாரும் உங்கள ஒண்ணும் பண்ணப் போறதில்ல. கையத் தூக்குங்க." நாற்பது பேர். ஒரு கையும் எழவில்லை. இலை உதிர்ந்தாலே கை தூக்குகிற யாவோரும் தூக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒற்றைக் கண்ணுக்கு டிராலிபஸ் கொடுக்கமாட்டார்கள். டிப்போவில் அவளைப் பயணிகள் விட்டுப்போகிற குடைகளையும் பைகளையும் எடுத்துவைக்கிற அறையில் உட்காரவைத்தார்கள். அவள் அழவில்லை. "விளையாட்டுல ஆகறதுதானே, யாரோ என்னவோ, விடுண்ணா" என்றாள். என்னால் விட முடியவில்லை. இடதுபக்கக் கதவுகளில் எல்லாம் இடித்துக்கொள்வாள். தட்டில் இடதுபக்கம் வைத்ததைச் சாப்பிடாமல் விட்டுவிடுவாள். நான் சமைத்தேன், நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன், மருந்து விட்டேன். அந்த வருஷம் அவள் என்னைக் கேட்காமல் எங்கேயும் போனதில்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அதையும் கெடுக்க அவன் வந்தான். ஞாயிறுதோறும் வந்து நிற்பான். அவளுக்கு இடதுபுறமாகவே நடப்பான், இடிபடாமல் இருக்க. ஆளில்லாத பழைய விமான ஓடுதளத்துக்குக் கூட்டிப்போய்த் தன் காரை அவளிடம் கொடுத்து ஓட்டச் சொன்னான். ஒரு நாள் நானும் போனேன். அவள் கோணலாக ஓட்ட, இவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏய், கம்பி நழுவிடுச்சு, கம்பி நழுவிடுச்சு, நேராப் போடி" என்று கத்த, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் அன்றுதான் கேட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைப் பறிகொடுத்த வீட்டில் வந்து சிரிக்க இவனுக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவனைப் பழிவாங்க வேண்டும் என்ற நினைப்பு என்னோடு எழுந்தது, என்னோடு படுத்தது. அதில் ஒரு சுகம் இருந்தது. வேறு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வருஷக் குருத்தோலை ஞாயிறுக்கு வருகிறேன். பூப்பெயரும் மரப்பெயரும் வைத்தவர்களுக்கெல்லாம் அன்று பெயர்நாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் ரலிட்சாவும் பூ, யாவோரும் மரம். யாரையும் அழைக்க வேண்டியதில்லை, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பவும் கூடாது. அவன் மதியம் வந்தான். கோயிலில் மந்திரித்த வில்லோக் கிளைகளை எங்கள் கதவில் செருகினான், மீன் வறுவலைப் புகழ்ந்தான், ரலிட்சாவுக்கு ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தான். தட்டுகளைக் கழுவ நான் சமையலறைக்குப் போனபோது பின்னாலேயே வந்து ஒரு விஷயம் சொன்னான். அது என்ன என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "சாயங்காலம் உன் வீட்டுக்கு வரேன்டா, உனக்கும்தானே பெயர்நாள்" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டிப்பா வாங்கண்ணே. ஒரு வருஷமா நீங்க என் வீட்டு வாசப்படி மிதிக்கல."

கடைக்குப் பின்னால் மணல் நிரப்பிய ஒரு வாளி உண்டு. கெட்டுப்போன பேட்டரிகளை வாடிக்கையாளர்கள் கொண்டுவந்தால் அதில் போட்டுவைத்து, சேர்ந்ததும் ஒழிக்கக் கொடுத்துவிடுவேன். யாரோ கான்கிரீட்டில் தவறவிட்ட ஒரு பேக் அதில் இருந்தது. உள்ளே அடிபட்ட செல். அதைப் புதிதுபோல ஆக்க என்னவெல்லாம் செய்தேன் என்று உங்கள் நிபுணரிடம் காட்டிவிட்டேன், திரும்பச் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரே மத்தியானத்தில் நடக்கிற வேலை இல்லை என்று அவர் சொன்னாராம். சரிதான். குளிர்காலத்திலேயே செய்து வைத்திருந்தேன். யாருக்கு என்று அப்போது தீர்மானிக்கவில்லை. அல்லது தீர்மானித்துவிட்டு என்னிடமே சொல்லாமல் இருந்தேன் போலிருக்கிறது.

யாவோரின் வீடு அடுக்குமாடியில் ஐந்தாவது தளம். கதவைத் திறந்தால் குறுகலான நடை. எல்லோர் வீட்டையும்போல அங்கேதான் செருப்பைக் கழற்ற வேண்டும், கோட்டை மாட்ட வேண்டும். சுவர் முழுக்கக் கம்பளிக் கோட்டுகள், கீழே ஒரு மரச் செருப்பு அலமாரி, அதன் மேலே ஒரு பிளக். வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மூணு செல்லா? அண்ணே, இது வெல சாஸ்தியாச்சே" என்று கூச்சப்பட்டான். அழுத்திப் பார்க்கவில்லை. முகர்ந்து பார்க்கவில்லை. லியூபென் கொடுத்தது என்றால் யார் பார்ப்பார்கள்?

"ஞாயிறு ஈஸ்டர்ங்கறதால இந்த வாரம் ஆட்டம் சனிக்கிழமைதானே, அதுக்கு வச்சுக்கோ" என்றேன். "முந்தின நாள் சார்ஜ் போட்டாப் போதும்."

"பால்கனியில வச்சுப் போட்டுடறேன்." அதுவும் நான் கற்றுக்கொடுத்ததுதான். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வேன், வெட்டவெளியில், கல்தரையில், கண்பார்வையில்.

"பால்கனி இன்னும் சில்லுனு இருக்குடா. புதுப் பேக்குக்கு முதல் சார்ஜ் குளிர்ல ஆகாது. உள்ளயே போடு." சுற்றிலும் பார்ப்பதுபோலப் பார்த்தேன். "இதோ, இந்தச் செருப்பு அலமாரி மேல போடேன். பிளக்கும் இருக்கு."

"சரிண்ணே" என்றான். இவ்வளவுதான் நான் செய்தது. நான் அவனை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. ஒரு பரிசு கொடுத்தேன், ஒரு யோசனை சொன்னேன். கிளம்பும்போது கட்டிப்பிடித்து வழியனுப்பினான். நானும் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரலிட்சா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். ஈஸ்டர் ரொட்டி சுட்டிருந்தாள், யாவோருக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள். எனக்குக் காய்ச்சல் அடிக்கிறமாதிரி இருக்கிறது, லிண்டன் பூத் தேநீர் போட்டுக்கொடு என்று சோபாவில் படுத்துக்கொண்டேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடலையேண்ணா" என்றாள். ஆனாலும் கோட்டைக் கழற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவளை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். தேனைக் கலக்கிக் கொடுத்தாள். நான் பாதிக் கோப்பை குடித்திருந்தபோது கீழே தெருவில் தீயணைப்பு வண்டிகள் போயின. இன்னும் இருட்டவில்லை.

அவன் தீயில் கருகவில்லை, புகையில்தான் போனான் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். நடை முழுக்க நெருப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தபோது அவன் பால்கனி ஓரத்தில் விழுந்துகிடந்தானாம். அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கணக்குச் சரியாகிவிட்டது என்ற ஒரு அமைதி வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினேன்.

நாற்பதாம் நாளுக்கு நினைவு அறிவிப்பு அச்சடித்து அவன் வீட்டு வாசலிலும் டிராலி நிறுத்தத்திலும் ஒட்ட வேண்டும் என்று ரலிட்சா சொன்னாள். அவனுக்குச் சொந்தம் என்று ஊரில் யாரும் இல்லை. இடதுபக்கம் சரியாகத் தெரியாததால் தாளைக் கோணலாகவே வைத்தாள். நான் ஓரத்தைப் பிடித்து நேராக்கிக் கொடுத்தேன், ஒட்டுநாடாவைக் கிழித்துக் கொடுத்தேன். படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கு அடுத்த வாரம் நெருப்பில் மிஞ்சிய பேட்டரித் துண்டை வைத்து நீங்கள் என் கடைவரை வந்துவிட்டீர்கள்.

இப்போது நீங்கள் இரண்டாவது தடவையாகக் கேட்கிறீர்கள், சமையலறையில் யாவோர் என்ன சொன்னான் என்று. சொல்கிறேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ரலிட்சாவுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னான்.

"அண்ணே, அன்னிக்கு நான் கல்லறையில இருந்தேன். நீங்க சுட்டுத்தான் செத்தேன், ஞாபகம் இருக்கா? தலையில செவப்புத் துணியப் போட்டுக்கிட்டு உங்களத்தான் பாத்துட்டிருந்தேன்."

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தெரியாமத்தான் சுட்டீங்க. எனக்குத் தெரியும். நீங்களா கையத் தூக்குவீங்கன்னு ஒரு வருஷமாப் பாக்கறேன். நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்ணே. இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு நான் எப்படி அவளக் கட்டிக்கறது? ஈஸ்டருக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. உங்கள அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. நீங்க சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

பார்த்தீர்களா, எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான். நேர்மையை என் வீட்டுச் சமையலறைவரை கொண்டுவந்துவிட்டான். அந்த ஆணவத்தை நீங்களாவது புரிந்துகொள்ள வேண்டும்.

அன்று பண்ணையில் மூன்று செல் பேக் எத்தனை இருந்தன என்று கேட்டீர்கள். இரண்டு. ஒன்று யாவோருடையது. மற்றது என் துப்பாக்கியில் இருந்தது. எந்தச் சரக்கையும் நானே ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் விற்கமாட்டேன், அது என் தொழில் பழக்கம். காலையில் கார் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு அதை மாட்ட உதவியவனும் யாவோர்தான், அதனால் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சன்னலில் ஏதோ அசைந்தது. சரம் எவ்வளவு வேகமாக வருகிறது பார்ப்போம் என்று விசையை ஒற்றையிலிருந்து சரத்துக்கு நகர்த்தினேன். அழுத்தியது என் விரல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று செல் வேண்டும், மூன்று செல் வேண்டும் என்று என்னை நச்சரித்தது யார்? அவன் கேட்டதால்தானே நான் அந்தச் சரக்கையே வரவழைத்தேன்? அவன் கூட்டிவராவிட்டால் அவள் அந்தச் சன்னலுக்கே வந்திருக்கமாட்டாளே? என் விரலை மட்டும் பார்த்தால் எப்படி? முற்றத்தில் நடுவர் கை தூக்கச் சொன்னபோது இதையெல்லாம் விளக்க எனக்கு நேரம் தரவில்லை. அப்புறம் விளக்க முடியாமலே போய்விட்டது.

அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே ரலிட்சாவிடம் பேசிவிட்டேன். அவளுக்கு ஒரு பதில் வேண்டும், பதில் இல்லாமல் யாரும் வாழ முடியாது. யாவோர்தான் சுட்டான், பெயர்நாளன்று என்னிடம் ஒப்புக்கொண்டான் என்று சொன்னேன். அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். பிறகு, "பாவம்ணா, ஒரு வருஷமா அத மனசுல வச்சுக்கிட்டு எப்படித்தான் என் பக்கத்துல நடந்தானோ" என்றாள். அவ்வளவுதான். கோபமே இல்லை. மறுநாள் அவன் கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு போனாள்.

எழுதி முடித்தபிறகு கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன், மேடம். வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். அவள் கேட்டால், உன் கண்ணுக்காக அண்ணன் பழிவாங்கினான் என்று மட்டும் சொல்லுங்கள். சுட்டவனை அவள் மன்னித்தாயிற்று. இன்னொரு தடவை மன்னிக்கச் சொல்லி அவளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?